நாற்பத்தொன்றாவது படத்தில் இருக்கும் கை

அனுப்புநர்:
கணினியில் படம் திருத்தும் பெண் பணியாளர்,
தங்கள் துறையின் சுவரொட்டிகளை அச்சிடும் அச்சகம்,
பேருந்து நிலையத்தின் பின் தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
குழந்தைகள் பாதுகாப்புத் துறை.

பொருள்: உலகப் பிரச்சாரச் சுவரொட்டியில் உள்ள சிறுமியின் கையில் இருந்த சூட்டுக் காயங்கள் – அவை அழிக்கப்பட்டது – சிறுமியை உடனே கண்டுபிடிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அனுப்பிய இரு கடிதங்களும், அவற்றுக்கு வராத பதில்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

எண்பது நாடுகளில் ஒரே வாரத்தில் நடந்த குழந்தை வன்முறை ஒழிப்புப் பிரச்சாரத்தை இங்கே தங்கள் துறை வெகு சிறப்பாக நடத்தி முடித்தது. பலூன்கள் நன்றாகப் பறந்தன. பாராட்டுகள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1. பதினான்கு ஆண்டுகளாகப் படம் திருத்துகிறேன். மாப்பிள்ளையின் பரு, தலைவரின் தொப்பை, எதைக் காட்டினாலும் துடைத்துவிடுவேன். ‘சொல், நாங்கள் கேட்கிறோம்’ என்ற சுவரொட்டிக்காகத் தங்கள் பிரச்சார அலுவலர் ஒரு பள்ளியில் தாமே எடுத்த நாற்பத்தொரு படங்களை அனுப்பி, கடைசிப் படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி, கையை உயர்த்தி நிற்கிறாள்.

2. படத்தைப் பெரிதாக்கியபோது முழங்கைக்குக் கீழே, உட்பக்கத்தில், நான்கு வட்டங்கள் தெரிந்தன. மூன்று காய்ந்து கறுத்தவை. ஒன்று இன்னும் சிவப்பு. எங்கள் வீட்டுப் போர்வையில் என் கணவரின் சிகரெட் போட்ட ஓட்டைகளும் இதே அளவுதான். அடையாளம் சொல்ல எனக்கு மருத்துவர் தேவையில்லை. உடனே அலுவலருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கொசு கடிச்சிருக்கும்மா. அதை எடுத்துடுங்க. போஸ்டர் பளிச்சுன்னு இருக்கணும், வண்டி வெளிய நிக்குது.” எடுத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. குற்றவாளிகளின் பட்டியல் ஏதும் தயாரித்தால் என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

3. அச்சுக்கு முன் படம் கடல் கடந்து உலகத் தலைமையகத்துக்குப் போனது. மூன்றே மணி நேரத்தில் திருத்தம் வந்தது: பின்னணியின் ஆரஞ்சு நிறம் அவர்களுடைய ஆரஞ்சைவிட ஒரு படி வெளிறியிருக்கிறதாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். திருத்தாத படத்தை இணைத்து அதே முகவரிக்கு நான் அனுப்பிய கடிதத்துக்குப் பத்தொன்பது நாட்களாகப் பதில் இல்லை. காயம் ஆரஞ்சு நிறத்தில் இல்லாதது அந்தக் குழந்தையின் துரதிர்ஷ்டம்.

4. சுவரொட்டியில் நானே பெரிய எழுத்தில் போட்ட உதவி எண்ணை அழைத்தேன். எடுத்த பெண் குழந்தையின் பெயர், முகவரி கேட்டார். பள்ளியின் பெயர்கூடத் தெரியாது, ஆனால் உங்கள் அறைச் சுவரில் அவள் படம் இருக்குமே என்றேன். “அது விளம்பரப் படம்க்கா. மாடல் பொண்ணா இருக்கும். பேர் இல்லாம புகார் எடுக்க முடியாதுக்கா” என்றார். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

5. நேரில் வந்தேன். தங்கள் அலுவலக வரவேற்பறையில் என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் என் கையைப் பிடித்துச் சாயத்தில் முக்கி ஒரு துணியில் பதித்தார்கள். வந்தவர்களெல்லாம் உறுதிமொழி எடுக்கிறார்களாம். கைகழுவக் குழாய் எங்கே என்று கேட்டேன். அதை மட்டும் உடனே காட்டினார்கள்.

6. நாற்சந்தியில் வைக்க நாற்பது அடிப் பலகை ஒன்றுக்கும் தங்கள் துறை இப்போது உத்தரவு அனுப்பியிருக்கிறது. திருத்தாத படத்தையே அதில் அச்சிட்டுவிடலாம் என்று ஆத்திரத்தில் ஒருமுறை நினைத்தேன். அந்தப் பலகைக்குக் கீழேதான் அந்தப் பிள்ளை பள்ளிக்கு நடக்க வேண்டியிருக்கும். சூடு வைத்தவனும் நடப்பான். எனவே அச்சிடவில்லை. இரண்டில் எதையும் அச்சிட மாட்டேன்.

ஆகவே ஐயா, படம் எடுப்பதற்கு முன் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ வாங்கிய ஒப்புதல் படிவம் தங்கள் கோப்பில் இருக்கிறது. பெயரும் வீட்டு முகவரியும் அதில்தான் இருக்கின்றன. இன்றே எடுங்கள். விவரம் தெரிந்த ஒரு பெண் அலுவலரையும் மருத்துவரையும் பள்ளிக்கு அனுப்புங்கள். தயவுசெய்து வீட்டுக்கு முன்கூட்டியே கடிதம் போட்டு விளக்கம் கேட்காதீர்கள். கையெழுத்திட்ட கையே சிகரெட் பிடித்த கையாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. நேற்றுத்தான் நாற்பத்தொரு படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். அலுவலர் சொல்லிக்கொடுத்தபடி எல்லாப் பிள்ளைகளும் உள்ளங்கையை மட்டும் காட்டுகிறார்கள். நாற்பதாவது படத்தில் இவளும் அப்படித்தான். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கிறது. கேமரா பதிந்த நேரப்படி, பதினொரு விநாடி கழித்து எடுத்த அடுத்த படத்தில் பொத்தான் கழன்றிருக்கிறது. சட்டைக் கை முழங்கைவரை சுருட்டப்பட்டிருக்கிறது. உள்பக்கம் தெரியும்படி கையைத் திருப்பிக் கேமராவை நேராகப் பார்க்கிறாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஐயா, இந்த விஷயத்தில் முதல் புகார் அவள் கொடுத்தது. அதை அழித்து, நிறம் சரிபார்த்து, ஊரெல்லாம் ஒட்டியவர்கள் நாம். திருத்தாத படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நாள்: பிரச்சார வாரம் முடிந்த பதினேழாம் நாள்
இடம்: அச்சகக் கணினி அறை

தங்கள் பதிலுக்காக அல்ல, அவளுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
படம் திருத்துபவர்

இணைப்பு: படம் எண் 40, 41.