கீழத்தெருவுக்கு மாதா வரும் வருடம்

1.8.99, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. ஆடி மாதத்து மண் முழுதும் என் வீட்டுக்குள்தான். ஆத்தூர்த் தண்ணீர் இந்த வாரமும் குழாயில் வரவில்லை. குடங்களில் அடிமட்டம்.

முதல் பூசையில் பங்குச் சாமியார் திருவிழா அறிவிப்பு வாசித்தார். புதுச் சாமி. இளவயது. பங்குக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஊர் வழக்கம் இன்னும் பிடிபடவில்லை. ஆறாம் தேதி கொடியேற்றம், பதினான்கு மாலை சப்பரப் பவனி, பதினைந்து காலை திருவிழாப் பூசை. வாசித்து முடித்தவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, "இந்த வருஷம் மாதா சப்பரம் பங்கிலுள்ள எல்லாத் தெருவுக்கும் போகும். கீழத்தெருவுக்கும் போகும்" என்றார்.

நான் மேலே, பாடகர் மாடத்தில். கீபோர்டு வாசிக்கும் பிரான்சிஸ் திரும்பி என்னையே பார்த்தான். காணிக்கைப் பாட்டை எடுக்கும்போது எனக்குக் குரல் பிசிறியது. இத்தனை வருடமாகப் பாட்டு எடுத்துக்கொடுக்கிறேன், இப்படி ஆனதில்லை.

கீழத்தெரு எங்கள் தெரு. கோயில் கட்டும் முன்பே இங்கே உள்ள நாங்கள் கிறிஸ்தவ வேதத்தில் இருந்தோம். அஸ்திவாரத்துக்கு மண் சுமந்தது எங்கள் ஆட்கள். சப்பரக் கொட்டகை கட்டியது இவர் (என் வீட்டுக்காரர் கொத்தனார்). ஆனால் சப்பரம் மட்டும் உள்ளே திரும்பாமல் மெயின்ரோட்டு முக்கைத் தாண்டி நேரே போய்விடும். காரணம் ஊருக்கே தெரியும். சாதி என்று வாயால் சொன்னால் பாவம். கையால் செய்தால் வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்ததிலிருந்து வீட்டோடு இருக்கிறார். ஆட்டோவில் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம் என்றால் வரமாட்டார். நாலு பேர் பார்க்கத் தூக்கி இறக்கக் கூடாதாம். முன்பெல்லாம் பவனி அன்று முக்கில் போய் நின்று மாதா சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் எறிந்து வேண்டிக்கொண்டு வருவார். கால் போன பிறகு அதுவும் நின்று போனது.

"நம்ம தெருவுக்கா?"

"நம்ம வாசலுக்கே வருது."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். காலை எடுத்த அன்றுகூட அழாத மனிதர்.

3.8, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் ஏ.இ.ஓ. வருகிறார் என்று நாள் முழுதும் புரளி. வரவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு.

மாலை பாட்டுப் பயிற்சி. திருவிழாக் கமிட்டித் தலைவர் மாடிப்படி ஏறி வந்தார். வெங்காய மண்டி வைத்திருப்பவர். சாதாரணமாக மேலே வரமாட்டார், மூட்டுவலி.

"டீச்சர், தப்பா நெனைச்சுக்கிராதீங்க. சாமி சொல்லிட்டாரு, சந்தோசந்தான். ஆனா ஒங்க தெருவுல கரண்டு வயரு தாழ்வாக் கெடக்கு. மாதா கிரீடத்துல தட்டுனா என்னாகுறது?"

மாதாவின் கிரீடத்தின் மேல் அம்புட்டு அக்கறை. நான் "பார்க்கச் சொல்கிறோம்" என்று மட்டும் சொன்னேன். இறங்கும்போது மூட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். நன்றாக வலிக்கட்டும் என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். அல்லது வேண்டாம்.

5.8, வியாழன்

தெருப் பையன்கள் போய் லைன்மேனைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்கள். பழைய போஸ்ட் ஒரு பக்கம் சாய்ந்துதான் வயர் தொங்கியிருக்கிறது. புது போஸ்ட் நட்டு வயரை இழுத்துக் கட்டினார்கள். கரண்ட் இல்லாமல் மாவு ஆட்ட முடியவில்லை. பரவாயில்லை.

லைன்மேன் ரெட்டியார்சத்திரம் பக்கம். நெற்றியில் திருநீறு. மோர் கொடுத்தேன். "சாமி வருதுன்னா வழி விட்டுத்தானம்மா ஆகணும்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார். அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போதுமானது.

இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

6.8, வெள்ளி

கொடியேற்றம். சிறு தூறல். கயிறு சிக்கிக்கொண்டு கொடி பாதியில் நின்றது, உபதேசியார் பதறினார், பிறகு ஏறிவிட்டது. நன்றாகப் பாடினோம். நான் சொல்லக் கூடாது, ஆனால் நன்றாகப் பாடினோம்.

முடிந்து இறங்கினால் மண்டிக்காரர் கீழேயே நிற்கிறார். வயர் சரியாகிவிட்டதாம், கேள்விப்பட்டாராம், ரொம்ப சந்தோஷமாம். "ஆனா முகப்புல சாக்கடைப் பாலம் இருக்குல்ல டீச்சர், அது ஒடஞ்சு கெடக்கு. சப்பரம் தூக்குறவங்க கால் இடறுச்சுன்னா?"

அந்தப் பாலம் எத்தனையோ வருடமாக உடைந்துதான் கிடக்கிறது. எங்கள் பிள்ளைகள் விழுந்து பல் உடைத்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் யார் கால் இடறினாலும் கமிட்டிக்குத் தெரிந்ததில்லை.

9.8, திங்கள்

பாலம் முடிந்தது. நேற்று பூசை முடிந்த கையோடு பையன்கள் ஆரம்பித்தார்கள். இவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியை அங்கேயே தூக்கிவரச் சொன்னார். "ஏலே, கலவை தண்ணியா இருக்கு. இன்னங் கொஞ்சம் ஜல்லி போடு." சத்தம் தெருக்கோடி வரை. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்து யாரையும் மிதிக்க விடவில்லை. ஒரு நாயை விரட்ட ஊன்றுகோலையே எறிந்துவிட்டு, பிறகு எழுந்திருக்க முடியாமல் சிரித்தார்.

இரவு புளிக்குழம்பு, வெஞ்சனம் ஒன்றுமில்லை. கூட ஒரு கரண்டி சோறு கேட்டுச் சாப்பிட்டார். சர்க்கரை ஏறும். கொடுத்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு ஆசைப்படக் கூடாது.

11.8, புதன்

நவநாள் பூசை முடிந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவிட்டுப் படியிறங்கினேன். கீழ்ப்படியில் அமலியும் அவள் நாத்தனாரும். அமலி என் பக்கத்தில் நின்று பாடுகிறவள். எனக்கும் அவளுக்கும் ஒரே பாட்டுப் புத்தகம், பக்கம் திருப்புவது அவள்.

நாத்தனார்: "வயரு, பாலமெல்லாம் சரி பண்ணிட்டாங்களாமே?"

அமலி: "பண்ணட்டும். அந்தத் தெருவுக்குள்ள போயி நம்ம வீட்டுப் பிள்ளைக தோள் குடுக்குமாக்கும்? சாமிக்கென்ன, இன்னைக்கு இருப்பாரு, நாளைக்கு மாத்தலாகிப் போவாரு."

நான் நிற்பது தெரியாது. செருப்பைத் தேய்த்துச் சத்தம் காட்டி இறங்கினேன். "டீச்சர், இன்னைக்கு தியானப் பாட்டு அம்புட்டு நல்லா இருந்துச்சு" என்றாள் அமலி. மனசாரத்தான் சொன்னாள்.

நேரே சாமியார் பங்களாவுக்குப் போனேன். சாமி காபி குடிக்கச் சொன்னார். மறுத்துவிட்டேன்.

"சாமி, வரும்னா வரும்னு சொல்லுங்க. வராதுன்னா இப்பவே சொல்லிருங்க. எங்க வீட்டுல ஒருத்தர் ஒத்தைக் கால்ல காத்துக்கிட்டு இருக்காரு."

"மாதா வருவாங்க டீச்சர். என் பொறுப்பு. நீங்க எதையும் பெருசு பண்ணாம இருங்க. பங்கோட ஒற்றுமைதான் முக்கியம்."

ஒற்றுமை என்றால் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது. இதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

14.8, சனி, காலை

தண்ணீர் வந்தது! குடம், அண்டா, வாளி எல்லாம் நிரப்பியாயிற்று.

செய்ய வேண்டியது: வாசல் கழுவ. கோலம் (பக்கத்து வீட்டு அந்தோணி மகள் போடுவாள்). மெழுகுவர்த்தி. மல்லிகை, உதிரி, பூ மார்க்கெட்டில் சொல்லியிருக்கிறது. உப்பு, மிளகு. இவர் வேட்டிக்குக் கஞ்சி. மாத்திரை.

தெரு முழுவதும் டியூப்லைட் கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டுத் திண்டாட்டம்: ஆட்டை எங்கே கட்டுவது. மாதா வரும்போது ஆடு கத்தினால் மரியாதையாக இருக்காதாம். கடைசியில் ஆடு என் வீட்டுக் கொல்லையில்.

பவனியில் பாட வரமுடியாது என்று பிரான்சிஸிடம் சொல்லிவிட்டேன். இந்த ஒரு வருடம் என் வாசலில் நிற்கப் போகிறேன்.

இவர் காலையிலேயே சவரம் செய்துகொண்டார். பவனி மாலைதானே என்றால், "தாடி மொளைச்சிருமாக்கும், போ" என்கிறார்.

15.8, ஞாயிறு, விடிகாலை

தூங்கவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எங்கள் கோயிலில் மூன்று சப்பரம். முதலில் தேவதூதர் மிக்கேல் சம்மனசு, வாளோடு, சிறியது. அடுத்தது செபஸ்தியார். கடைசியில் மாதா, பெரியது. சம்மனசு வழி காட்டிப் போகும், மாதா பின்னால் வரும். எப்போதும் அப்படித்தான்.

பொழுது சாயும்போது பேண்டுச் சத்தம் முக்கில் கேட்டது. இவர் நாற்காலியை விட்டு எழுந்து ஊன்றுகோலில் நின்றார். சம்மனசு சப்பரம் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. பெண்கள் அழுதார்கள். நானும்.

கிட்டே வந்த பிறகுதான் பார்த்தேன். தோள் கொடுத்து வந்தது எங்கள் தெருப் பையன்கள். முக்கில் வைத்து மாற்றிக்கொண்டார்களாம். பேண்டு கூட வரவில்லை. ஜெனரேட்டர் வண்டி வரவில்லை. சப்பரத்துப் பல்புகள் அணைந்து, சம்மனசு எங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் வந்தது. சாமி வரவில்லை.

முக்குப் பக்கம் கூரைகளுக்கு மேலே வெளிச்சம் மெதுவாக நகர்ந்து போனது. செபஸ்தியாருக்குப் பின்னால் மாதா நேரே மெயின்ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். பேண்டுச் சத்தமும் கூடவே போய்த் தேய்ந்தது.

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இவருக்குப் புரியவில்லை. உப்பும் மிளகும் உள்ளங்கையில் வைத்து மூடியபடி முக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சம்மனசின் மேல் போடவில்லை.

"உள்ள வாங்க" என்றேன்.

"செத்த நேரம் பொறு. மாதா பின்னாலதான வரும்."

சம்மனசு தெருக்கோடி போய்த் திரும்பி வந்து எங்களைத் தாண்டிப் போயிற்று. அப்போதும் நின்றார். பக்கத்து வீட்டு அந்தோணி வந்து தோளைத் தொட்டு, "சவரிமுத்தண்ணே, அம்புட்டுத்தான்ணே" என்றான். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

சாப்பிடும்போது சொல்கிறார்: "சம்மனசு வந்துச்சுல்ல. இதுக்கு முன்னாடி அதுவும் வந்ததில்ல. அடுத்த வருசம் மாதா வரும்."

எனக்கு மண்டிக்காரர் மேல் கோபம். சாமி மேல் கோபம். எல்லாரையும் விட இவர் மேல் கோபம். கொடுத்ததை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மனசு எங்களுக்கு எங்கிருந்து வந்தது?

கொல்லையில் ஆடு கத்துகிறது. அவிழ்த்துவிட வேண்டும். பூசைக்கு நேரமாகிறது.

15.8, மாலை

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். மாடம் ஏறினேன். அமலி புத்தகத்தைப் பிரித்து என் பக்கமாக நகர்த்தினாள். பிரான்சிஸ் வருகைப் பாட்டின் முன்னிசை வாசித்தான். நான் எடுக்க வேண்டிய இடம் வந்தது. எடுக்கவில்லை.

மறுபடி வாசித்தான். எடுக்கவில்லை. "அக்கா, தொண்டை கட்டிருச்சா?" என்றான் மெதுவாக. கோயில் நிறைய ஜனம். சாமி பீடத்துக்கு முன்னால் நடுப்பாதையில் நிற்கிறார். எல்லாரும் திரும்பி மேலே பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள், சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளைக்கூட நாக்கில் வைத்திருந்தேன்.

யாரும் திரும்பவில்லை. கீழே மண்டிக்காரர் பாட்டை எடுத்தார், வெங்காயம் ஏலம் விடுகிற குரலில். ஒரு கட்டை மேலே போய்விட்டது. ஜனம் பின்னாலேயே பிடித்துக்கொண்டது. அமலியும் பாடினாள். முழுப் பூசையும் அப்படியே நடந்தது. நான் ஒருத்தி பாடாததில் ஒன்றுமே நிற்கவில்லை.

பிரசங்கம்: நாமெல்லாரும் ஒரே உடல். காலை வெட்டி எடுத்த உடம்பு எப்படித் துடிக்கும் என்று பக்கத்தில் படுத்திருந்து பார்த்தவள் நான். அங்கே யாரும் துடித்த மாதிரி தெரியவில்லை.

பூசையில் நன்மை அப்பம் வாங்கினேனா? வாங்கினேன். அதை எதற்கு விட வேண்டும்? அது மண்டியில் இருந்து வருவதில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். தெருவில் டியூப்லைட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். புது போஸ்டில் திருவிழா ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று கட்டியிருக்கிறார்கள், எங்கள் வாசலைப் பார்த்தபடி. கொடியேற்றத்திலிருந்து தினமும் பூசை முழுதும் அதில்தான் ஒலிக்கிறது. இவர் அதில் கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இவர் அதற்குக் கீழே நாற்காலி போட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னடி, மேல உள்ள மைக்கு ரிப்பேரா? சாமி பேசுனது நல்லாக் கேட்டுச்சு. ஒன் சத்தத்தை மட்டும் காணம். கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஆமா. மைக்குதான்."

"அதான பாத்தேன்" என்றார். "நீ பாடாம இருப்பியா."