தூறல் பாட்டின் மறுபாதி

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமா என்று கேட்கிற பொறுமை இன்று எனக்கு இல்லை. சுகமாகத்தான் இருப்பாய். போனை எடுக்காதவனுக்கு என்ன குறை? நான் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். அடுத்த மாதம் முதல் வாரத்தில் வைத்திருக்கிறார்கள். டாக்டர் தைரியமாகத்தான் பேசுகிறார். ஆனால் அப்பாவிடம் கையெழுத்து வாங்கும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா பயத்தை வெளியே காட்டவில்லை. ஒரே ஒரு பிடிவாதம்தான். "உள்ள போறதுக்கு முன்னாடி அந்தத் தூறல் பாட்டை முழுசா ஒரு தடவை கேட்டுடணும்டி" என்கிறாள்.

பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பாளே, அந்தப் பாட்டுதான். "குடைக்குள் வந்த தூறலே, கொஞ்சம் தள்ளி நில்லேன்." இவ்வளவுதான் இப்போது அவளுக்கு வருகிறது. மீதியைக் கேட்டால், "அம்மாவைப் பத்தி வரும். கடைசியில உள்ள வரச் சொல்ற மாதிரி ஒண்ணு வரும்" என்கிறாள். இது என்ன பிரமாதம் என்று நூலகத்துக்குக் கிளம்பினேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அங்கே கணினியில் தூறல் என்று போட்டால் வானிலை அறிக்கையாகக் கொட்டுகிறது. குடை என்று போட்டேன். குடை தயாரிக்கும் சிறுதொழில் கையேடு வந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டது. நூலகர் அம்மாள் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "பாட்டுக்குள்ள இருக்கிறதெல்லாம் இதுல ஏத்தியிருக்க மாட்டாங்க. யாருக்காக எழுதினது, எப்போ வந்ததுன்னு குறைச்சுக்கிட்டே வாங்க" என்றார். குழந்தைப் பாடல், பள்ளிக்கூடப் புத்தகம், நீ சின்னப் பிள்ளையாக இருந்த வருடங்கள் என்று வடிகட்டி வடிகட்டி ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். முதல் அடி அச்சு அசலாக அதேதான். வெற்றி வீராங்கனை மாதிரி வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினேன்.

"நனைந்த பூவைப் பார்த்துவிட்டு நாளை வந்து சொல்லேன்" என்று முடித்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது இல்ல. இதுல அம்மாவே வரலையே. வேற எதையோ தூக்கிட்டு வந்திருக்க."

எனக்கு எப்படி இருக்கும், சொல்! மறுபடியும் போனேன். வேறு பதிப்பாக இருக்கலாம், வேறு ஊர்ப் பாடப்புத்தகமாக இருக்கலாம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டேன். அம்மா, வாசல், மழை என்று தேடினால் தாலாட்டுகள் வரிசைகட்டி நிற்கின்றன. என்னைத் தூரத்தில் பார்த்தாலே நூலகர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார்.

நேற்று வீட்டில் வாய்விட்டுக் கத்திவிட்டேன். அப்போது அப்பா பேப்பரை இறக்காமலேயே சொல்கிறார்: "புத்தகத்துல எப்படி இருக்கும்? அது உன் தம்பி ஸ்கூல் விழாவுல சொன்னது. பாதியில மறந்துபோச்சு. உங்கம்மா வேலை முடிஞ்சு ஓடிவந்து, கூட்டத்துல நுழைய முடியாம மழையில கதவுகிட்ட நின்னா. அவளைப் பார்த்துட்டு, 'வாசலில் அம்மா நனையிறா'ன்னு அவனா எதையோ கட்டிவிட்டான். டீச்சர் திட்டினாங்க. உங்கம்மாவுக்கு அன்னையிலிருந்து அதுதான் பாட்டு." முன்னாடியே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். "நீ என்கிட்ட கேக்கலையே" என்றார். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? அதற்கடுத்த பாதி அவருக்கும் தெரியவில்லை.

ஆக, நீ செய்த பிழையை நான் உலகத்துப் புத்தகங்களில் எல்லாம் தேடியிருக்கிறேன்.

"இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்று உன்னை அனுப்பியவள் அவள்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவள் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாள். அவள் குணம் உனக்குத் தெரியும். உன் பேரைக்கூடச் சொல்லவில்லை. பாட்டைத்தான் கேட்கிறாள்.

போனில் சொன்னாலே போதும் என்று எழுத வந்தேன். போதாது, நேரில் வா. திருத்திச் சொல்லாதே, அன்று சொன்னபடியே சொல். கதவு திறந்துதான் இருக்கும். நீ நன்றாக இருக்க வேண்டும், அவளும் இருக்க வேண்டும். சீக்கிரம் வாடா.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத,
உன் அக்கா