முதல் பாயிண்ட் விருந்தாளிக்கு

என் செல்லச் சண்டைக்காரச் சித்தப்பாவுக்கு,

மேலே நெட் கிடைக்கிறதா? நான் கேட்பது டென்னிஸ் நெட்.

போன ஞாயிறு இலங்கையிலிருந்து நுவரெலியாக்காரர்கள் வந்து போனார்கள். நம் ஆரணி கிளப்பும் அந்த மலைக் கிளப்பும் வெள்ளைக்காரன் காலத்தவை என்பதால் சகோதரக் கிளப்புகளாம். ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே, நட்பு ஆட்டம். நட்பு பேனரில் இருந்தது. ஆட்டமெல்லாம் கமிட்டியில்.

நீங்கள் தறி மேலேயே சாய்ந்து மூன்று மாதம் ஆகிறது. கிளப்பிலிருந்து ஒரு மாலையாவது வந்ததா? மேட்ச் அன்று காலை செயலாளர் என்னை ஓரம் கட்டினார்.

“பாப்பா, கேட்டாங்கன்னா சித்தப்பா வெளியூர்னு சொல்லு. பொன்னாடை போட்டு அனுப்பிட்டு அப்புறமா சொல்லிக்கலாம். சந்தோஷமா சிரிச்சிகினு இருக்காங்க, எதுக்குப் பேஜாரு?”

நீங்கள் செத்தது அவருக்குப் பேஜார்!

உங்கள் இடத்தில் என்னை இறக்கினார்கள். இரண்டு கிளப்புக்கும் பொதுவான வழக்கம்தான்: வீட்டுக்காரர் முதல் இரண்டு சர்வீஸையும் வேண்டுமென்றே நெட்டில் அடிக்க வேண்டும், முதல் பாயிண்ட் விருந்தாளிக்கு. அதற்கு நீங்கள் என்ன நடிப்பு நடிப்பீர்கள்! இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, வயசாயிடுச்சே” என்று. எதிரில் உங்கள் நுவரெலியாச் சிநேகிதர் ரவி மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் அனுப்பும் மெசேஜ்கள் இன்னும் உங்கள் போனில் மின்னுகின்றன. பூட்டைத் திறக்க எங்களுக்குத் தெரியவில்லை.

அன்றும் அவர்தான் எதிரில். நான் கொடுக்கவில்லை சித்தப்பா. ஓங்கி அடித்தேன். பந்து அவரைத் தாண்டி வேலியில் போய் மோதியது.

யாரும் கைதட்டவில்லை. ரவி மாமா நெட்டுக்குப் பக்கத்தில் வந்தார்.

“என்ன மகள், எங்களோட கோபமா? சித்தப்பா எப்ப வருவார்?”

“முதல் பாயிண்ட் குடுக்குறவரு செத்துட்டாரு மாமா. மூணு மாசம் ஆவுது. உங்ககிட்ட வெளியூர்னு சொல்லச் சொன்னாங்க.”

“இன்னா பேச்சு அங்க? ஜல்தி ஆடு!” ஷாமியானாவிலிருந்து செயலாளர் கத்தினார்.

ரவி மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் போய் ஒரு பந்தை நெட்டில் அடித்தார். இன்னொன்றையும் அடித்தார். “இது அவருக்கு” என்றார். உங்களைப் போல இடுப்பைப் பிடித்துக் காட்டப் பார்த்தார். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

அப்புறமும் பொன்னாடை, பிரியாணி, போட்டோ எல்லாம் நடந்தது. உங்களுக்கு ஒரு நிமிஷ மௌனம்கூட இல்லை. என்னிடம் மட்டும் அவர்கள் காலையிலேயே மௌனம் கேட்டார்கள், இல்லையா?

“கிளப் மானத்தையே வாங்கிட்டியே! அடுத்த வருஷம் நீ டீம்ல கிடையாது” என்றார் செயலாளர்.

“இருந்தாதானே சார் வாங்க முடியும்?” என்றேன். நீங்கள் இருந்திருந்தால் என் தலையில் குட்டிவிட்டு, மறுபக்கம் திரும்பிச் சிரித்திருப்பீர்கள்.

ஒரு சாவைக் கேட்டால் கெட்டுப்போகிற நட்பு என்ன நட்பு சித்தப்பா?

அடுத்த வருஷம் நுவரெலியாவில் அவர்கள்தான் வீட்டுக்காரர்கள். முதல் பாயிண்ட் நமக்கு. டீமில் இல்லாவிட்டாலும் வரச்சொல்லி ரவி மாமா கூப்பிட்டிருக்கிறார். போவேன். அந்தப் பாயிண்ட் யாருடையது என்று அந்த மலைக்கே கேட்கும்படி உங்கள் பெயரைச் சொல்லுவேன். அதற்குப் பிறகுதான் யாராயிருந்தாலும் அங்கே பந்தைத் தொடலாம்.

இப்படிக்கு,
நெட்டில் அடிக்க மறுத்த உங்கள் அண்ணன் மகள்