ஓட்டையுள்ள நிரூபணம்

ஜூன் 4

மொட்டைக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். கடவுள் இருப்பதை நிரூபிக்க முயன்ற பழைய வாதங்களைப் பற்றி நீ எழுதிய புத்தகம் எங்கள் துறைமுக ஆபீஸ் நூலகம் வரை வந்துவிட்டது. எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீ புத்தகம் எழுதுவதைப் பொறுத்துக்கொள்வேன். கடல் மட்டத்தை அளந்து பலகையில் எழுதும் வேலை எனக்கும் பழகிவிட்டது. முன்னுரையைத்தான் பொறுக்க முடியவில்லை.

நம் கடித விளையாட்டை அதில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாய். ஒருவன் கடவுள் உண்டென்று நிரூபிப்பான், மற்றவன் உடைப்பான், அடுத்த கடிதத்தில் கட்சி மாறும். என்னுடைய கடைசி வாதத்தை எடுத்துப்போட்டு, 'என் நண்பனின் மிக அழகான தவறு' என்கிறாய்.

இருக்கும் எதுவும் இல்லாமலும் போயிருக்கலாம். ஒவ்வொன்றும் வேறொன்றின் மேல் சாய்ந்தே நிற்கிறது. சாய்ந்தவை மட்டுமே இருந்தால் எப்போதோ எல்லாம் விழுந்திருக்கும். எனவே எதன் மேலும் சாயாத ஒன்று இருந்தே தீர வேண்டும். இதை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மடியில் வைத்து எழுதினேன். அடியில் ஒரு வரி இருந்தது: பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அந்த வரியைத் தாண்டிப்போய் என் வாதத்தை நாலு பக்கத்துக்கு உடைத்தாய். 'வரிசையில் ஒவ்வொருவனுக்கு முன்னாலும் ஒருவன் நிற்கலாம். அதனால் வரிசைக்கே முன்னால் ஒருவன் நிற்கிறான் என்று ஆகாதுடா. உன் முறை.' பாப்பா இல்லாமல் நானும் அவள் அம்மாவும் வீடு திரும்பியபோது அந்தக் கடிதம் வாசலில் கிடந்தது.

அன்றைக்கு நான் விளையாடவில்லை. கெஞ்சிக்கொண்டிருந்தேன். அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடு.

முன்பு உன் நண்பனாக இருந்த
குச்சி


ஜூன் 13

என் குச்சிக்கு,

திட்டித்தான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் உன் கோணல் எழுத்தைப் பார்த்ததே போதும் என்றிருந்தது. முன்னுரையை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்த வரியைப் பார்த்தேன்டா. ஏதோ காய்ச்சல், ரெண்டு நாளில் ஓடியாடும் என்று நினைத்துவிட்டேன். செய்தி தெரிந்ததும் பஸ் ஏறி உன் தெருமுனை வரை வந்தேன். உன் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. எந்த முகத்தோடு உள்ளே வருவது? திரும்பிவிட்டேன்.

இப்போது கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். என் மனைவிக்கு, உன்னை அண்ணா அண்ணா என்று கூப்பிடுவாளே அவளுக்கு, தலையில் கட்டி. இருபத்தொன்றாம் தேதி ஆபரேஷன். இத்தனை வருஷம் வாதங்களை உடைத்துக் காட்டியே சம்பளம் வாங்கியவன், ஏதாவது ஒன்றின் கீழ் ஒதுங்கி நிற்க இடம் தேடுகிறேன். எல்லாம் ஒழுகுகின்றன. பாதி ஓட்டை நான் போட்டது. நேற்று அவள் சொன்னாள், "புரொபசர், பாடம் நடத்தாம என் பக்கத்துல கொஞ்சம் சும்மா உட்காருங்களேன்." எனக்கு அது வரவில்லை.

உன் வாதத்தைச் சரிசெய்து அனுப்புடா. உன்னால்தான் முடியும்.

உன்
மொட்டை


ஜூன் 17

மொட்டை,

உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதிவிட்டேன். எந்த வாதமும் உன்னைத் தாங்காது என்று நாலு பக்கம், உன்னுடைய அதே தோரணையில். கடைசியில் 'உன் முறை' என்று போட்டு உறையை ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இன்று காலை மூடுபனி. கடலும் தெரியவில்லை, அளவு பார்க்கும் தூணும் தெரியவில்லை. துறைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஏறுவது பாதத்தில்தான் தெரிந்தது. தண்ணீரை நிலா இழுக்கிறது, நிலாவை இன்னொன்று பிடித்திருக்கிறது, அதை வேறொன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டபடி கூடவே வருவது போலிருந்தது.  ஓரிடத்தில் அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அங்கே என்ன இருந்தது என்று தெரியாது. வெள்ளையாக இருந்தது. பயமாக இல்லை.

வாதத்தைச் சரிசெய்ய முடியவில்லை. நீ போட்ட ஓட்டை சரியான இடத்தில்தான் இருக்கிறது. இதை எழுதும்போது வயிறு எரிகிறது. ஆனாலும் பின்பக்கத்தில் அந்த வாதத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து படி. டாக்டர் கதவைத் திறக்கும்வரை ஓட்டையைத் தேடாதே. அது எங்கேயும் ஓடிவிடாது. அவளை உள்ளே கொண்டுபோகும்வரை அவள் பக்கத்தில் சும்மா உட்கார், வராவிட்டாலும் உட்கார். அண்ணன் விசாரித்தான் என்று சொல்.

நாலு பக்கத்தையும் கிழித்துப்போட்டுவிட்டேன். கீழே கையெழுத்துப் போட்டால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று ஆகிவிடும். இன்னும் அந்த அளவுக்கு நான் வரவில்லை. தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. கையெழுத்தில்லாமலே பெட்டியில் போடப் போகிறேன்.