டப்பாவுக்கு ஒரு உறை

மார்ச் 2, சனி

மாப்பிள்ளை இன்று வந்து சுவரில் இரண்டு ஆணி அடித்துவிட்டுப் போனார். வெள்ளையடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் என் பல் கூசியது. வாய் திறக்கவில்லை, மாப்பிள்ளை ஆயிற்றே.

ஆணியில் இரண்டு டப்பா தொங்குகிறது. சோப்பு டப்பா அளவுதான். ஒன்று கூடத்தில், ஒன்று படுக்கிற அறையில். மேலே தெரிகிற எண் சூடு. கீழே தெரிகிற எண் காற்றில் இருக்கிற தூசி. ஐம்பதுக்குள் இருந்தால் பச்சை விளக்கு, நூறு வரை மஞ்சள், அதைத் தாண்டினால் சிவப்பு. இங்கே என்ன எண் வந்தாலும் அதே நேரத்தில் மகளுடைய போனிலும் தெரியுமாம்.

மகளுக்கு ரயில் ஓட்டுகிற பயிற்சி கிடைத்திருக்கிறது. வெளியூரில் ஐந்து மாதம். பதினெட்டாம் தேதி போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளை லாரியில் போனால் சனிக்கிழமைதான் வீடு திரும்புவார். அப்படியானால் ஏழு வயது வாண்டு எங்கே இருக்கும்? பாட்டியிடம். இதற்கு யோசனை எதற்கு?

ஆனால் யோசிக்கிறாள். போன லீவில் வாண்டு இங்கே வந்த மூன்றாம் நாள் இழுப்பு வந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. வீட்டுக் காற்றைக் கவனியுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அதற்குப் பிறகு மகள் ஒரு ராத்திரிகூடக் குழந்தையை என்னிடம் விட்டதில்லை.

"பதினேழு வரைக்கும் பாக்கலாம்மா. டப்பா பச்சையா இருந்தா போறேன். இல்லன்னா வேணாம்" என்றாள் போனில்.

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரித் தரை துடைத்தவள் நான். என் வீட்டுக் காற்று சுத்தமா என்று பார்க்க ஒரு சோப்பு டப்பா.

மார்ச் 3, ஞாயிறு

புதுச் சாமானில் தூசி படிந்தால் நன்றாகவா இருக்கும். இரண்டுக்கும் உறை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினேன்.

மார்ச் 6, புதன்

கூடம் 18. அறை 17. பச்சை, பச்சை. நான்கு நாளாக அசையவே இல்லை.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். தன் வீட்டில் மாட்டினால் டப்பா வெடித்தே போகும் என்றாள். இருக்கும், எந்நேரமும் துணிப் பஞ்சு பறக்கிற வீடு. எதற்கும் ஒருநாள் நீயும் மாட்டிப் பார் என்று சொல்லி வைத்தேன். கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொன்னேன், மறைப்பானேன்.

நான் வேலையில் இருந்தபோது பெரிய நர்ஸம்மா எனக்கு வைத்த பேர் 'கண்ணாடி'. நான் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம் என்பார். ரிட்டயரான அன்று இந்த டைரியைக் கொடுத்தவரும் அவர்தான். அஞ்சாம் வகுப்புப் படித்தவளுக்கு டைரி எதற்கு என்று கேட்டதற்கு, அஞ்சு வகுப்பும் ஒழுங்காகப் படித்தவள் நீ ஒருத்திதான் என்றார்.

மார்ச் 9, சனி

வாண்டு வந்தாயிற்று. ஒரு பை துணி, ஒரு பை பொம்மை, ஒரு இன்ஹேலர். பதினேழு வரை இங்கிருந்தே பள்ளிக்கூடம்.

மார்ச் 11, திங்கள்

காலையில் பல் தேய்க்கும்போதே இருமல். பிறகு நெஞ்சில் கீச் கீச் என்று. வாண்டு அதற்குப் பூனை என்று பேர் வைத்திருக்கிறது. "பாட்டி, பூனை வந்துடுச்சு" என்று மெதுவாகத்தான் சொன்னது. அவசரமாகத் திறந்ததில் இன்ஹேலர் மூடி கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது.

நான்கு தடவை இழுத்த பிறகு அடங்கியது. டப்பாவைப் பார்த்தேன். 18, பச்சை.

மகளிடம் சொன்னேன். அவளும் போனைப் பார்த்துவிட்டு, "பச்சையாத்தானேம்மா இருக்கு. சளியா இருக்கும், விடு" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வர வேண்டும். ஏன் வரவில்லை?

மார்ச் 12, செவ்வாய்

இன்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாண்டுக்கு ஷூ தேடப் போனேன். பொங்கி, வற்றி, அடி கருகி, கூடமெல்லாம் புகை. குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கண் எரிகிறது. வாடை மூக்கைத் துளைக்கிறது. எதேச்சையாக டப்பாவைப் பார்த்தால், 18. பச்சை.

இவ்வளவு புகையிலுமா?

கிட்டப் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை, மேலே ரப்பர் பேண்ட். இறுக்கமாக நான் போட்டது. எதையும் ஒழுங்காகச் செய்கிற கை ஆயிற்றே. பத்து நாளாக அது உறைக்குள் இருக்கிற காற்றை மட்டும் முகர்ந்து பார்த்து நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. டிவி ரிமோட்டுக்கும் உறை, போனுக்கும் உறை, கால்குலேட்டருக்கும் உறை. எல்லாம் வேலை செய்கிறதே என்று இதற்கும் போட்டேன். இது மூச்சு விடுகிற சாமான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

புகையெல்லாம் போன பிறகு, ராத்திரி கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் 44 என்று நின்றது. அதுவும் பச்சைதான். சரி, நம் வீடு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 13, புதன்

தப்பிக்கவில்லை.

காலை ஆறரைக்குக் கூட்டித் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் கூடத்தில் 172. சிவப்பு. அறைக்கு ஓடினேன், 158. அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. ஏன் என்றே புரியவில்லை.

கை தானாகப் போய் உறையை மாட்டியது. தானாக என்று எழுதுவது பொய். நான்தான் மாட்டினேன். வாசல் ஜன்னலைத் திறந்து வைத்து எண் இறங்கிய பிறகு மாட்டினேன், பச்சையிலேயே நிற்கட்டும் என்று.

மகள் எட்டு மணிக்குக் கூப்பிட்டாள். காலையில் கொஞ்ச நேரம் சிவப்புக் காட்டியதே என்று கேட்டாள். டப்பா கோளாறாக இருக்கும் என்றேன். நம்பிவிட்டாள். என் பேச்சை அவள் நம்புவாள், அதுதான் இப்போது உறுத்துகிறது.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. சின்ன வயதில் ரயில் பாதை ஓரம் நின்று பெட்டி எண்ணிய பெண். இந்தப் பயிற்சிக்கு மூன்று தடவை பரீட்சை எழுதினாள். இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும். நாலே நாள் உறைக்குள் பச்சையாக இருந்தால் அவள் சந்தோஷமாகப் போய்விடுவாள். குழந்தையை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?

மாட்டேனா என்று கேட்டால் போதுமா. காலையில் மறுபடி இருமியது.

மார்ச் 14, வியாழன்

வாண்டு சாப்பிட்டுக்கொண்டே டப்பாவைப் பார்த்துக் கேட்டது: "பாட்டி, அதுக்கு ஏன் கவர் போட்டிருக்க? அதுக்கு மூச்சு முட்டாதா?"

கேட்டுவிட்டு அது பாட்டுக்குச் சாப்பிட்டது.

பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து இரண்டு உறையையும் கழற்றிக் குப்பையில் போட்டேன். மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். உறை, பால், 172, நேற்றுச் சொன்ன பொய், எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "சரிம்மா. நான் போகல. வேற ஏதாவது பாத்துக்கலாம்" என்றாள். அந்தச் 'சரிம்மா' இன்னும் காதில் நிற்கிறது.

ஞாயிறு வரை பொறு, பதினேழுதானே கெடு என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு தாள் தொங்கும். மணிக்கு மணி துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்றம் எப்போது வந்தது, யார் என்ன செய்தார்கள் என்று அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும். பழைய காலண்டர் தாளைத் திருப்பி அதே மாதிரிக் கட்டம் போட்டுவிட்டேன். மணி. கூடம். அறை. அப்போது என்ன நடந்தது. கடைசியில் கையெழுத்து.

மார்ச் 15, வெள்ளி

இன்று தாள் முழுக்க நிரம்பிவிட்டது. அப்படியே இங்கே எழுதவில்லை, முக்கியமானது மட்டும்.

காலை ஆறு: 38. ஆறரை: 166. ஏழரை: 120, இருமல். ஒன்பது: 47. மதியம் சமையல்: 71, ஜன்னல் திறந்ததும் இறங்கியது. மூன்று: 40. நாலேகால்: 175. ஐந்து: 133, மறுபடி இருமல்.

ஆறரைக்கும் நாலேகாலுக்கும் என்ன நடந்தது என்ற கட்டத்தில் என் கையெழுத்திலேயே ஒரே வார்த்தைதான் இருக்கிறது. 'சுத்தம்.'

விளக்குமாற்றால் வேகமாகக் கூட்டுவது, பிறகு தரை மருந்து. பாட்டிலில் ஒரு மூடி என்று போட்டிருக்கும், நான் மூன்று மூடி ஊற்றுவேன். ஆஸ்பத்திரி அளவு. குழந்தை வீட்டில் இருக்கிறதே, கிருமி வரக்கூடாதே என்று இப்போது இன்னும் ஒரு மூடி சேர்த்து. போன லீவிலும் அப்படித்தான். இழுப்பு வந்தது என்றதும் இன்னும் இரண்டு தரம் துடைத்தேன், ஐயோ.

உட்கார்ந்துவிட்டேன். யாராவது வந்து உன் சமையல் மோசம் என்றால் சிரித்திருப்பேன். உன் முகம் மோசம் என்றால்கூடச் சிரித்திருப்பேன். இது நான் முப்பத்தொரு வருஷம் கைதட்டல் வாங்கிய வேலை.

ஆனால் தாளில் கையெழுத்துப் போட்டது நானேதான். யாரோடு சண்டை போடுவது?

மார்ச் 16, சனி

கூட்டவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து, வெறும் தண்ணீரில், மெதுவாகத் துடைத்தேன். ஜன்னல் முழுக்கத் திறந்து வைத்து, வாண்டு கீழே தையல்காரம்மாவின் வாசலில் விளையாடும் நேரத்தில்.

41. பச்சை. உறை இல்லாத பச்சை.

வீட்டில் மருந்து வாசனையே இல்லை. வேறு யார் வீட்டுக்குள்ளோ நான் நுழைந்த மாதிரி இருக்கிறது. துடைத்த தரை துடைத்த மாதிரித் தெரியவில்லை. இரண்டு தரம் பாட்டில் பக்கம் போய்த் திரும்பி வந்தேன்.

மாப்பிள்ளை வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "தப்பு என்னோடதுதான் அத்தை. ரிமோட்டுக்கே ரெயின்கோட் போடுற வீடு, மாட்டும்போதே யோசிச்சிருக்கணும்" என்றார். சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

போகும்போது பாட்டிலை எடுத்துப்போகச் சொன்னேன். லாரி சக்கரத்துக்கு ஊற்றிக்கொள்ளட்டும்.

மார்ச் 17, ஞாயிறு

மகள் வந்தாள். உட்காரக்கூட இல்லை, நேராகத் தாளைக் கேட்டாள். மூன்று தாள். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். நான் அடுப்படியில் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

"மணிக்கு மணி கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா" என்றாள். பின்னே, யார் பொறுப்பு என்று தெரிய வேண்டாமா என்றேன்.

வெள்ளிக்கிழமைத் தாளில், ஐந்து மணிக் கட்டத்தில், இருமல் என்பதற்குப் பக்கத்தில் 'என்னால்' என்று எழுதியிருந்தேன். அதன் மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

பிறகு வாண்டைக் கூப்பிட்டு, மடியில் உட்கார வைத்து, அம்மா நாளைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். ரயிலில் ஹாரன் அடிக்க விடுவார்களா என்று அது விசாரித்தது. விடுவார்கள் என்றாள். அப்படியானால் போ என்றது.

மார்ச் 18, திங்கள்

போய்விட்டாள். புதுத் தாளில் முதல் கட்டம்: கூடம் 39.

ஏப்ரல் 7, ஞாயிறு

இருமல் இல்லாத பதினைந்தாவது நாள். எழுதினால் கண்பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 20, சனி

தையல்காரம்மாவும் ஒரு டப்பா வாங்கிவிட்டாள். 96. வெடிக்கவில்லை. இப்போது தினமும் மாடிப்படியில் நின்று எண்களைச் சொல்லிக்கொள்கிறோம், பரீட்சை மார்க் மாதிரி.

மே 14, செவ்வாய்

பக்கத்து வீட்டில் சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள். பதினோரு மணிக்கு விளக்கு சிவப்பு, அடுத்தாற்போல் பூனை. ஜன்னலைச் சாத்தினேன், ஆறு தடவை இன்ஹேலர், டாக்டருக்குப் போன். அரை மணியில் அடங்கியது. மூடி உருளவில்லை. சாயங்காலம் வரை வாண்டைப் பூங்காவில் வைத்துக்கொண்டேன்.

மகளிடம் நடந்தது நடந்தபடி சொன்னேன். திரும்பி வரட்டுமா என்று கேட்பாள் என்று பயந்தேன். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

சூடு 33, காற்று 36. மகள் பரீட்சையில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவதாக வந்தவன் எவன் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன், நீ சாபம் விடுவாய் என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

இன்று மகளின் முதல் வண்டி. சரக்கு வண்டிதான், நாற்பத்திரண்டு பெட்டி. மூன்று மணிக்கே போய்ப் பாதைக் கம்பிவேலி ஓரம் நின்றுகொண்டோம், நான், வாண்டு, மாப்பிள்ளை. இன்ஹேலரை இடுப்பில் செருகியிருந்தேன்.

நாலு இருபதுக்கு வந்தது. எஞ்சின் ஜன்னலில் அவள் முகம். கை காட்டக்கூடாதாம், சட்டம். இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். வாண்டு கத்திக்கொண்டே வண்டியோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தது. நில்லு நில்லு என்று நானும் பின்னால் ஓடினேன். தண்ணீர்த் தொட்டி வரை அது நிற்கவில்லை. கடைசிப் பெட்டி போன பிறகுதான் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டி எண்ணிக் கணக்குச் சொன்னது, சாதாரண மூச்சில்.

நான்தான் பேச முடியாமல் குனிந்து நின்றேன். வாண்டு என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டது.

"பாட்டி, உனக்குப் பூனை வந்துடுச்சு" என்றது.

வீட்டுக்கு வந்து இன்ஹேலரை அலமாரியில் வைக்கும்போதுதான் தாளைப் பார்த்தேன். இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு கட்டமும் நிரப்பவில்லை.