நான் அழித்த வயிற்றுக் கவசம்

அன்பு அம்மாவுக்கு, உங்கள் யாஸ்னா வணக்கத்துடன் எழுதுவது.

பட்டறைப் புகையால் வந்த இருமல் குறைந்ததா? சாந்தியாகோ நகரத்தில் நான் நலம். மாலையில் ரொட்டியும் தேநீரும் தவறாமல் சாப்பிடுகிறேன்.

இந்த வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்படாதீர்கள். பள்ளியிலிருந்து என்னைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கும் வீடியோ கேம் நிறுவனத்தில், இரண்டு வாரம் முன்பு ஒரு வீராங்கனைக்குக் கவசம் வரையச் சொல்லியிருந்தார்கள். நூலகத்தில் நான்கு புத்தகங்கள் படித்தேன். வெல்டிங் செய்யும்போது நீங்கள் போடும் தோல் அங்கியைப் போல, கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடி வரைந்தேன்.

மேற்பார்வையாளர் தோன் காஸ்தோன் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். "என்ன மகளே, இவ சண்டைக்குப் போறாளா, குளிர்ல நடுங்குறாளா? வயித்தையும் தொடையையும் திறந்து விடு."

"வயித்துல ஈட்டி பாஞ்சா செத்துடுவா, தோன் காஸ்தோன். பக்கத்துல நிக்கிற ஆம்பளைக்கு மட்டும் முழுசா இரும்பு போட்டிருக்கீங்களே?"

"ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு நாப்பது புள்ளின்னு கம்ப்யூட்டர்ல போட்டாச்சு. அவ சாகமாட்டா. உனக்கு என் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பயிற்சி செல்லாது, சான்றிதழும் கிடைக்காது. நானே அழித்தேன். ஒன்பது நாள் வரைந்தது மூன்று நிமிடத்தில் போய்விட்டது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். தோல் அங்கியின் படமும் வேண்டும், நோட்டில் மறுபடி வரைந்து வைக்கிறேன். நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள், முகமும் தெரியட்டும்.

இடைவேளை முடிகிறது. விளையாட்டு வெளிவரும்போது, கவசம் வரைந்தவர் என்று என் பெயரைப் போடுவார்களாம். பட்டறையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அம்மா.

யாஸ்னா