நாலு நிமிஷம் தாங்காத இலை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா?

கல்லைப் பிளந்தால் உள்ளே ஆதிகாலத்து இலை இருக்கும். ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, பல் பல்லாக இருக்கிறதா என்று பார்த்து, அந்தக் காலம் வெயிலா குளிரா என்று சொல்வதுதான் என் வேலை. காற்றுப் பட்டால் இலை காய்ந்துவிடும், உடனே படம் எடுக்க வேண்டும். முந்தாநாள் ஒன்றைப் பிளந்த நேரத்தில்தான், நீங்கள் விழுந்துவிட்டதாகத் தம்பி போன் செய்தான். பேசிவிட்டுத் திரும்பினால் இலை சுருண்டு பொடியாகியிருந்தது.

"கோடி வருஷமா இருந்துச்சு, நாலு நிமிஷம் தாங்கலை பாரு" என்றார் கூட இருந்த எங்கள் பேராசிரியர். நானும் சிரித்து வைத்தேன்.

"நல்லாத்தான் இருக்காங்க" என்கிறான் தம்பி. எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லீவும் இல்லை.

வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் வந்துவிட்டது. தம்பியை உடனே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் எழுந்து நிற்கிற மாதிரி.

உங்கள் பெரியவன்